ரெலிகேஷன்: பட்டியலின் அடியில் நடப்பதும் ரசிகர்கள் கொதிப்பதும்

கால்பந்து லீக்கில் கடைசி இடத்துக்குத் தண்டனை உண்டு. சீசன் முடியும்போது பட்டியலின் அடியில் கிடக்கும் அணிகள் அடுத்த ஆண்டு அந்த லீக்கில் ஆட முடியாது. ஒரு படி கீழே உள்ள பிரிவுக்குப் போக வேண்டும். அந்தப் பிரிவில் முதலிடங்களைப் பிடித்தவர்கள் மேலே வருவார்கள். இறங்குவது ரெலிகேஷன், ஏறுவது ப்ரோமோஷன். அமெரிக்காவின் எம்எல்எஸ் போன்ற லீக்குகளில் இந்த ஏற்பாடே கிடையாது. அங்கே கடைசியாக வந்தால் அவமானத்தோடு சரி. இங்கிலாந்து, ஸ்பெயின், ஜெர்மனி, பிரேசில் போன்ற நாடுகளில் அவமானத்தோடு வருமானமும் போகும், நல்ல வீரர்களும் போவார்கள்.

தோற்றால் தோற்றதுதான், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாமே, இதற்கு ஏன் அரங்கமே கூச்சல் போடுகிறது என்று புதிதாகப் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஒரு அணி இறங்குவதற்கான காரணங்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடங்களுக்கு முன்பே கண்ணில் பட ஆரம்பித்துவிடும். வாராவாரம் ஆட்டம் பார்ப்பவனுக்கு அது சீக்கிரமே தெரியும். தெரிந்தும் எதுவும் செய்ய முடியாமல், டிக்கெட்டுக்குக் காசும் கட்டி, ஒன்பது மாதம் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டியிருக்கிறதே, அந்த எரிச்சல்தான் கடைசியில் வெடிக்கிறது. அது புரிய வேண்டுமானால் கொஞ்சம் கணக்கும், கொஞ்சம் ஆட்டமும், கொஞ்சம் பணவிவரமும் தெரிந்திருக்க வேண்டும்.

யார் இறங்குவார்கள்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் விதி எளிது, அதிலிருந்து தொடங்கலாம். மொத்தம் 20 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற 19 அணிகளோடு சொந்த மைதானத்தில் ஒரு முறை, அவர்கள் மைதானத்தில் ஒரு முறை ஆடும். ஆக 38 ஆட்டங்கள். வென்றால் 3 புள்ளி, டிரா என்றால் 1, தோற்றால் ஒன்றுமில்லை. கடைசியில் 18, 19, 20-ஆம் இடங்களில் இருப்பவர்கள் இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்புக்கு இறங்குவார்கள். அங்கே 24 அணிகள், 46 ஆட்டங்கள். முதல் இரண்டு இடங்கள் நேராக மேலே வரும். மூன்றாவது வாய்ப்புக்குப் பிளேஆஃப் என்ற தனி நாக்அவுட் சுற்று ஆட வேண்டும். புள்ளிகள் சமமாக இருந்தால் கோல் வித்தியாசம் பார்ப்பார்கள், அதாவது அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்தால் வருவது. அதுவும் சமம் என்றால் அதிக கோல் அடித்தவர் மேலே.

மற்ற நாடுகளில் சிறு மாற்றங்கள் உண்டு. ஜெர்மனியின் பண்டஸ்லீகாவில் 18 அணிகள். கடைசி இரண்டும் நேராக இறங்கும், 16-ஆவது அணி இரண்டாம் பிரிவின் மூன்றாவது அணியோடு இரண்டு ஆட்டங்கள் மோதித் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். பிரேசிலில் 20-இல் நான்கு அணிகள் இறங்கும். அர்ஜென்டினாவில் மூன்று சீசன்களின் சராசரியை வைத்து முடிவு செய்யும் முறை நெடுங்காலம் இருந்தது. பெரிய கிளப்புகளுக்கு அது ஒரு பாதுகாப்பு என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஒரு வருடம் சொதப்பினாலும் முந்தைய இரண்டு வருடங்கள் தாங்கிப் பிடிக்கும் அல்லவா. ஆனால் தொடர்ந்து சொதப்பினால் அதே சராசரி கழுத்தைப் பிடிக்கும். ரிவர் பிளேட் 2011-இல் அப்படித்தான் மாட்டியது. 1901-இல் தொடங்கிய கிளப், அதுவரை ஒரு முறைகூட இறங்கியதில்லை. இரண்டாம் பிரிவு அணியான பெல்கிரானோவுடன் நடந்த பிளேஆஃபின் முதல் ஆட்டத்தில் 0-2 தோல்வி. ஜூன் 26 அன்று சொந்த மைதானத்தில் 1-1. கலவரத்தால் அந்த ஆட்டம் 90 நிமிடம்கூட முழுதாக நடக்கவில்லை.

கணக்கு எப்படி ஏமாற்றும்

தொலைக்காட்சியில் ‘கணக்குப்படி இன்னும் வாய்ப்பு இருக்கிறது’ என்று ஒரு வாக்கியம் ஏப்ரல் மாதம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். அதை எப்படிச் சரிபார்ப்பது என்று ஒரு கற்பனைப் பட்டியலை வைத்துப் பார்ப்போம்.

33 ஆட்டங்கள் முடிந்துவிட்டன, 5 பாக்கி. நம் அணி 18-ஆம் இடத்தில், 27 புள்ளிகள்: 6 வெற்றி, 9 டிரா, 18 தோல்வி. 17-ஆம் இடத்து அணிக்கு 35. இடைவெளி 8, மீதமிருப்பதோ 15 புள்ளி. எட்டிப் பிடிக்கலாம் போலத்தான் தெரியும். ஆனால் எதிரணி சும்மா இருக்காது. ஆட்டத்துக்கு ஒரு புள்ளி என்ற இதுவரைய வேகத்திலேயே போனாலும் அவர்கள் 40-இல் முடிப்பார்கள். நமக்கு 13 வேண்டும்: நான்கு வெற்றி, ஒரு டிரா. 33 ஆட்டத்தில் ஆறு முறை மட்டும் வென்ற அணி ஐந்தில் நான்கை வெல்ல வேண்டும். வென்றாலும் 40-40 சமம்தான். கோல் வித்தியாசம் நமக்கு மோசமாக இருந்தால், அப்போதும் இறங்குவது நாமே. 14 புள்ளி எடுத்துவிடலாமா? ஐந்து ஆட்டத்தில் 14 என்ற எண்ணே வராது. 13-க்கு அடுத்தது 15-தான். ஆக உண்மையில் வேண்டியது ஐந்துக்கு ஐந்து வெற்றி. வாய்ப்பு இருக்கிறது என்ற வாக்கியம் பொய்யில்லை. ரசிகன் அதை நம்பவும் முடியாமல் விடவும் முடியாமல் தவிக்கிறான் என்பதுதான் கொடுமை.

இதில் கோல் வித்தியாசத்தைக் கவனியுங்கள். அக்டோபரில் 0-3 பின்தங்கியிருக்கும்போது அணி மனம்விட்டு 0-6 வாங்கினால் அன்றைக்குத் தோல்வி தோல்விதான், புள்ளியில் மாற்றமில்லை. மே மாதம் அந்த மூன்று கோல்கள் ஒரு புள்ளிக்குச் சமமாக வந்து நிற்கும். ஏற்கெனவே தோற்றுவிட்ட ஆட்டத்தின் 85-ஆவது நிமிடத்தில் யாரும் ஓடிவந்து தடுக்கவில்லை என்றால் பழைய ரசிகர்கள் கத்துவது இதற்காகத்தான்.

டிராவும் ஒரு மெதுவான விஷம். இங்கிலாந்தில் 1981 முதல் வெற்றிக்கு 3 புள்ளி. அதனால் ஒரு வெற்றியும் இரண்டு தோல்வியும் மூன்று டிராக்களுக்குச் சமம். 38 ஆட்டங்களையும் தோற்காமல் டிரா செய்த அணிக்கு 38 புள்ளிதான் கிடைக்கும். 2010-11-இல் 39 புள்ளி எடுத்த பர்மிங்ஹாமும் பிளாக்பூலும் இறங்கின. பின்னால் ஐந்து பேரை நிறுத்தி ஒவ்வொரு வாரமும் ஒரு புள்ளி தேற்றும் மேனேஜரை, அதாவது தலைமைப் பயிற்சியாளரை, பார்த்து ரசிகர்கள் பொறுமை இழப்பதில் நியாயம் இருக்கிறது.

‘40 புள்ளி எடுத்தால் தப்பிக்கலாம்’ என்பது எல்லோரும் சொல்லும் மந்திரம். பிரீமியர் லீக் 1995-96-இல் 38 ஆட்டங்களுக்கு மாறியது. அப்போதிலிருந்து 2024-25 வரை 40 அல்லது அதற்கு மேல் எடுத்தும் இறங்கியவர்கள் மூன்றே பேர்: 1996-97-இல் சண்டர்லேண்ட் 40, அடுத்த ஆண்டு போல்டன் 40, 2002-03-இல் வெஸ்ட் ஹாம் 42. பெரும்பாலான வருடங்களில் அதைவிடக் குறைவே போதும். 2023-24-இல் 18-ஆம் இடத்தில் இறங்கிய லூட்டனுக்கு 26 புள்ளி, 2024-25-இல் அதே இடத்தில் லெஸ்டருக்கு 25. எனவே 40-ஐ விட்டுவிட்டு 17-ஆவது அணியின் வேகத்தைப் பார்ப்பதே சரியான வழி.

போல்டன் கதை கணக்கின் குரூரத்துக்கு நல்ல உதாரணம். 1997 செப்டம்பரில் எவர்டனுடன் ஆடியபோது போல்டன் வீரர் தலையால் முட்டிய பந்து கோட்டைத் தாண்டியது. நடுவர் கோல் தரவில்லை, ஆட்டம் 0-0. சீசன் முடிவில் இரண்டு அணிகளுக்கும் 40 புள்ளி. கோல் வித்தியாசத்தில் எவர்டன் தப்பியது. பந்து கோட்டைத் தாண்டியதா என்று சொல்லும் கருவி பிரீமியர் லீக்குக்கு வந்தது 2013-14-இல்.

அடியில் தவிக்கும் இரண்டு அணிகள் நேருக்கு நேர் மோதும் ஆட்டத்தை ‘சிக்ஸ் பாயிண்டர்’ என்பார்கள். வென்றால் நமக்கு மூன்று வரும், எதிரிக்கு மூன்று கிடைக்காமல் போகும். 2023 மே 1 அன்று லெஸ்டரும் எவர்டனும் அப்படி ஒரு ஆட்டம் ஆடின. லெஸ்டர் 2-1 முன்னிலை. இடைவேளைக்குச் சற்று முன் அவர்களுக்கே பெனால்டியும் கிடைத்தது. ஜேம்ஸ் மேடிசன் கோலின் நடுவை நோக்கி அடித்தார், எவர்டன் கோல்கீப்பர் பிக்ஃபோர்ட் தடுத்துவிட்டார். ஆட்டம் 2-2 என முடிந்தது. சீசன் முடிவில் எவர்டன் 36, லெஸ்டர் 34. அந்த ஒரு ஆட்டத்தை லெஸ்டர் வென்றிருந்தால், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, லெஸ்டர் 36, எவர்டன் 35.

பலவீனமான அணியும் சொதப்பிய அணியும்

ஆனால் ஒரு பெனால்டியால் லெஸ்டர் இறங்கியது என்று சொன்னால் அந்த ஊர் ரசிகர்களே சிரிப்பார்கள். இங்கேதான் ரசிகக் கோபத்தின் சூத்திரம் இருக்கிறது: ஒரு அணி எந்த இடத்தில் முடித்தது என்பதைவிட, அதன் சம்பளப் பட்டியலுக்கு எந்த இடத்தில் முடித்திருக்க வேண்டும் என்பதே அளவுகோல்.

லூட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 2009 முதல் 2014 வரை ஐந்தாம் பிரிவில் கிடந்த கிளப். சுமார் 12,000 பேர் உட்காரும் சிறிய மைதானம். 2023-இல் பிரீமியர் லீக்குக்கு வந்தபோதே திரும்பப் போய்விடுவார்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், போனார்கள். வருத்தம் இருந்தது, துரோகம் செய்துவிட்டார்கள் என்ற உணர்வு இல்லை. அந்த அணி தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்தது.

லெஸ்டர் வேறு ரகம். 2016-இல் சாம்பியன், 2021-இல் எஃப்ஏ கோப்பை, 2019-20-இலும் 2020-21-இலும் ஐந்தாம் இடம். 2022-23-இல் அவர்களின் சம்பளச் செலவு 20 கோடி பவுண்டைத் தாண்டியது. அந்தப் பணத்துக்கு மேல்பாதியில் முடித்திருக்க வேண்டும். என்ன கெட்டது என்பதைத் தேடினால் ஒரு வருடம் முன்னால் போக வேண்டும். 2022 கோடையில் முக்கிய டிஃபெண்டரை விற்றார்கள், பல வருடங்கள் நின்ற கோல்கீப்பர் போய்விட்டார், அந்தக் கோடையில் கோல்கீப்பர் அல்லாத வீரராக வாங்கியது ஒரே ஒருவரை. முன்னணி மிட்ஃபீல்டர் ஒருவரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமல் ஓடி முடிந்து, அவர் இலவசமாகவே வெளியேறினார். அந்த சீசனில் லெஸ்டர் 51 கோல் அடித்தது. தப்பித்த எவர்டன் அடித்ததோ 34. அடிக்கத் தெரிந்த அணிதான். ஆனால் 68 வாங்கியது.

இதைவிட விசித்திரம் 1937-38 மான்செஸ்டர் சிட்டி. முந்தைய ஆண்டின் சாம்பியன். அந்த சீசனில் மொத்த லீக்கிலும் அதிகமாக 80 கோல் அடித்தவர்களும் அவர்களே. இருந்தும் இறங்கினார்கள். கோல் அடிப்பவர்களைப் பார்த்து அணியை எடை போடக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

உங்கள் அணி எந்த ரகம் என்று பார்க்க ஒரு எளிய சோதனை: லீக்கில் சம்பளச் செலவின் வரிசையில் அணி எத்தனையாவது, பட்டியலில் எத்தனையாவது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு மூன்று இடம் முன்பின் இருப்பது சகஜம். பத்து இடம் வித்தியாசம் வந்தால் உள்ளே ஏதோ அழுகியிருக்கிறது. அடுத்து எக்ஸ்பெக்டெட் கோல்ஸ் கணக்கு. ஒவ்வொரு ஷாட்டும் எவ்வளவு தூரத்திலிருந்து, எந்தக் கோணத்திலிருந்து வந்தது என்பதை வைத்து அது கோலாகும் சாத்தியத்தைக் கூட்டிச் சொல்லும் எண் அது. வாய்ப்புகளை உருவாக்கியும் கோல் விழவில்லை என்றால் துரதிருஷ்டம் என்று கொஞ்ச நாள் பொறுக்கலாம். வாய்ப்பே உருவாகவில்லை என்றால் பொறுத்துப் பயனில்லை.

கொஞ்ச நாள் பொறுத்ததற்குப் பலன் கிடைத்த அணியும் உண்டு. 2017-18-இல் கிரிஸ்டல் பேலஸ் முதல் ஏழு ஆட்டங்களிலும் தோற்றது, ஒரு கோல்கூட அடிக்கவில்லை. முடித்தது 11-ஆம் இடத்தில்.

ஆடுகளத்தில் கெடுவது எப்படி

அடியில் கிடக்கும் அணியின் ஆட்டத்தைப் பந்தைப் பார்க்காமல் பாருங்கள். பந்து வைத்திருப்பவனைச் சுற்றி எத்தனை பேர் ‘எனக்குக் கொடு’ என்று இடம் தேடி ஓடுகிறார்கள்? நன்றாக ஆடும் அணியில் மூன்று பேராவது இருப்பார்கள். நம்பிக்கை போன அணியில் எதிரணி வீரனின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வார்கள். பார்க்க ஓடுவது போல இருக்கும், பந்து வராது. பந்து வந்தால்தானே தப்பு நடக்கும். கொடுக்க ஆளில்லாதவன் பின்னால் டிஃபெண்டருக்குத் தட்டுவான், அவன் கோல்கீப்பருக்குத் தட்டுவான், கோல்கீப்பர் தூக்கி அடிப்பார், பந்து எதிரணிக்குப் போகும். அரங்கத்திலிருந்து முதல் முணுமுணுப்பு எழுவது அந்தப் பின்பக்கப் பாஸின்போதுதான். அதைக் கேட்டதும் அடுத்தவன் இன்னும் பத்திரமான பாஸைத் தேடுவான். சத்தம் கூடும், ஆட்டம் சுருங்கும். சொந்த மைதானமே சுமையாவது இப்படி. வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் இரண்டாயிரம் மூவாயிரம் பேர் 0-3 என்றாலும் பாடிக்கொண்டிருப்பார்கள், ஏனென்றால் போவதே ஆதரவுக்காக. தீர்ப்பு சொல்வதெல்லாம் சொந்த மைதானத்தில்.

இன்னொரு பழக்கம், முன்னிலை பெற்றதும் பின்வாங்குவது. 1-0 ஆனதும் தற்காப்பு வரிசை தானாகவே பத்து மீட்டர் பின்னால் போகும். ஸ்ட்ரைக்கர் முன்னால் தனியே நிற்பார். வெளியேற்றிய பந்து அவரிடம் தங்காது, உடனே திரும்பி வரும். எதிரணிக்குக் கார்னர்கள் சேரும். எட்டுக் கார்னரில் ஒன்றிலாவது யாரோ ஒரு எதிரணி வீரனைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். 80-ஆவது நிமிடத்துக்குப் பிறகு கோல் வாங்குவதை ரசிகர்கள் சாபம் என்பார்கள். கால் களைத்த அணி, மாற்று வீரர்கள் பலமில்லாத அணி, பயந்த அணி, மூன்றும் சேர்ந்தால் அந்தச் சாபம் தவறாமல் பலிக்கும்.

மேனேஜரை மாற்றினால் சரியாகுமா

ஆறு தோல்விக்குப் பிறகு எதிரணி ரசிகர்கள் ‘காலையில் உனக்கு வேலை போகப்போகிறது’ என்று பாடுவார்கள்; பாதி நேரம் அது உண்மையாகவே ஆகும். புதியவர் வந்ததும் ஒரு வெற்றி வரும். ‘புது மேனேஜர் துள்ளல்’ என்று எல்லோரும் கொண்டாடுவார்கள். ஆனால் மேனேஜரை நீக்குவது அணி அதன் உண்மையான தரத்தைவிட மோசமாக ஆடிக்கொண்டிருக்கும் தருணத்தில். அதனால் யார் வந்தாலும், வராவிட்டாலும், முடிவுகள் கொஞ்சம் மேலே வந்தே தீரும். பத்து ஆட்டம் கழித்துப் பார்த்தால்தான் ஏதாவது மாறியதா என்று தெரியும்.

ஜெர்மனியின் ஷால்க கிளப் 2020-21-இல் ஒரே சீசனில் ஐந்து மேனேஜர்களைப் பார்த்தது. முந்தைய ஜனவரியில் தொடங்கிய வெற்றியில்லா ஓட்டம் 30 லீக் ஆட்டங்கள் நீண்டது. முடிவு: 16 புள்ளி, கடைசி இடம். ஒவ்வொரு மேனேஜரும் தன் அமைப்புக்கு வேறு ரக வீரர்களைக் கேட்பார். முதலாமவர் கேட்ட உயரமான ஸ்ட்ரைக்கர், இரண்டாமவர் கேட்ட வேகமான விங்கர், மூன்றாமவர் கேட்ட மூத்த டிஃபெண்டர் என்று ஒரு அணியில் நான்கு அணிகளின் மிச்சம் சேர்ந்துவிடும். மேனேஜரை மாற்றும் முன் வீரர்களை வாங்குபவரை மாற்றியிருக்க வேண்டும். அந்த ஸ்போர்ட்டிங் டைரக்டர் பெயர் பாதி ரசிகர்களுக்குத் தெரியாது என்பதால் அவருக்கு எதிராகப் பாட்டும் கிடையாது.

ஜனவரியில் வீரர்களை வாங்கி விற்கும் சந்தையிலிருந்தும் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். நீங்கள் தவிக்கிறீர்கள் என்பது விற்பவருக்குத் தெரியும், விலை ஏறும். நன்றாக ஆடும் வீரனை நடு சீசனில் யாரும் விடமாட்டார்கள். கிடைப்பது காயத்திலிருந்து திரும்பியவர்களும், மாதக்கணக்கில் பெஞ்சில் இருந்தவர்களும். அவர்கள் உடல்தகுதிக்கு வரவே பிப்ரவரி ஆகிவிடும். பிரீமியர் லீக்கில் கிறிஸ்துமஸ் அன்று கடைசி இடத்தில் இருந்து 2024-25 வரை தப்பித்தவர்கள் நான்கே அணிகள்: 2004-05-இல் வெஸ்ட் ப்ரோம், 2013-14-இல் சண்டர்லேண்ட், 2014-15-இல் லெஸ்டர், 2022-23-இல் உல்வ்ஸ்.

சில அணிகள் ஆடுகளத்துக்கு வெளியேயும் தோற்கும். மிடில்ஸ்பரோ 1996-97-இல் வீரர்கள் பலர் நோயிலும் காயத்திலும் இருக்கிறார்கள் என்று பிளாக்பர்னுடனான ஆட்டத்துக்கே போகவில்லை. தண்டனையாக 3 புள்ளியைக் கழித்தார்கள். 39 புள்ளியோடு இறங்கியது. அந்த மூன்று இருந்திருந்தால் 42; தப்பித்த கவன்ட்ரிக்கு 41. ரெடிங் 2022-23-இல் நிதி விதிகளை மீறியதற்காக 6 புள்ளி இழந்து 44-இல் முடித்தது. சாம்பியன்ஷிப்பில் தப்பித்த கடைசி அணியான கார்டிஃபுக்கு 49. கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். வீரர்கள் சம்பாதித்ததை அலுவலகம் தொலைத்தது என்றால் கோபம் வீரர்கள் மேல் வராது, நேராக முதலாளி மேல் போகும்.

இறங்கிய பிறகு பணம்

பிரீமியர் லீக்கில் கடைசியாக வரும் அணிக்கே ஒளிபரப்பு உள்ளிட்ட லீக் வருமானத்தில் சுமார் 10 கோடி பவுண்டு கிடைக்கும். சாம்பியன்ஷிப்பில் ஒரு சாதாரண அணிக்குக் கிடைப்பது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒரே கோடையில் இந்த வீழ்ச்சி கிளப்பைச் சாய்த்துவிடக் கூடாது என்று ‘பாராசூட்’ தொகை தருகிறார்கள். மேலே உள்ள ஒவ்வொரு கிளப்புக்கும் சமமாகப் பிரிக்கப்படும் ஒளிபரப்புப் பங்கில் முதல் வருடம் 55 சதவீதம், இரண்டாம் வருடம் 45, மூன்றாம் வருடம் 20. ஒரே ஒரு சீசன் மட்டும் மேலே இருந்துவிட்டு இறங்கினால் மூன்றாம் வருடத் தொகை கிடையாது. இடையில் மீண்டும் மேலே போய்விட்டால் மீதியும் நின்றுவிடும்.

செலவுப் பக்கத்தில் கிளப்பைக் காப்பது ஒப்பந்தத்தில் எழுதப்படும் ரெலிகேஷன் ஷரத்து: அணி இறங்கினால் சம்பளம் தானாகவே ஒரு பெரிய பங்கு குறையும். இது இல்லாமல் கையெழுத்திட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சண்டர்லேண்டைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். 2017-இல் இறங்கியபோது ஒரு மிட்ஃபீல்டரின் ஒப்பந்தத்தில் மட்டும் அந்த வெட்டு இல்லை. இரண்டாம் பிரிவில் பெரும்பாலும் ஆடாமலே பிரீமியர் லீக் சம்பளம் வாங்கினார். மறுபக்கம், நல்ல வீரர்களும் தங்கள் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து வைத்திருப்பார்கள்: இறங்கினால் குறிப்பிட்ட விலைக்கு விட்டுவிட வேண்டும். அதனால் கிளப் விற்க நினைக்கும் வீரர் போகமாட்டார், வைத்துக்கொள்ள நினைக்கும் வீரர் நிற்கமாட்டார்.

ரசிகர்கள் என்ன செய்கிறார்கள்

கூச்சல் போடுவது முதல் கட்டம். அடுத்தது ஆட்டம் முடியும் முன் எழுந்து போவது. 75-ஆவது நிமிடத்தில் காலியாகும் இருக்கைகள் தொலைக்காட்சியில் தெரியும், அது முதலாளிக்கு உறைக்கும். பிறகு பேனர், ஊர்வலம், டென்னிஸ் பந்துகளை ஆடுகளத்தில் வீசி ஆட்டத்தை நிறுத்துவது. ரெடிங் ரசிகர்கள் 2024 ஜனவரியில் ஆடுகளத்துக்குள்ளேயே இறங்கி போர்ட் வேலுடனான ஆட்டத்தைக் கைவிட வைத்தார்கள்.

பலிக்க நேரமெடுத்தாலும் வலுவானது பணத்தை நிறுத்துவது. பிளாக்பூல் 2011-இல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கி, 2016-க்குள் நான்காம் பிரிவு வரை போனது. முதலாளிகள் மீது நம்பிக்கை இழந்த ரசிகர்கள் வருடக்கணக்கில் மைதானத்தைப் புறக்கணித்தார்கள். உரிமை கைமாறும் நிலை வந்து 2019 மார்ச்சில்தான் கூட்டமாகத் திரும்பினார்கள். போர்ட்ஸ்மவுத்தில் இன்னும் ஒரு படி மேலே: 2010-இல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கி நொடித்துப்போன கிளப்பை 2013-இல் ரசிகர் அறக்கட்டளை முன்னின்று வாங்கியது.

புறக்கணிப்பில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. அடுத்த சீசனுக்கான டிக்கெட் புதுப்பிப்பு பல கிளப்புகளில் சீசன் முடியும் முன்பே வரும். தள்ளுபடி விலைக்குக் கெடுவும் இருக்கும். எந்தப் பிரிவில் ஆடப்போகிறோம் என்று தெரியாமலே காசு கட்டச் சொல்கிறார்கள். கட்டாவிட்டால் வருடக்கணக்காக உட்கார்ந்த இருக்கை வேறு ஒருவருக்குப் போகும். கட்டினால், எதிர்ப்புக்குக் கையில் ஒன்றுமில்லை. கெடுவுக்குள் முடிவெடுக்கும் முன், இறங்கினால் விலை குறையுமா, கட்டியவர்களுக்கு வித்தியாசத்தைத் திருப்பித் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

எல்லை மீறுவதும் நடக்கிறது. ஷால்க இறங்கிய இரவு, மைதானத்துக்குத் திரும்பிய வீரர்களை ரசிகர்கள் சிலர் துரத்தித் தாக்கினார்கள். 2023 டிசம்பரில் பிரேசிலின் சான்டோஸ் கிளப் தன் வரலாற்றில் முதன்முறையாக இறங்கியபோது மைதானத்துக்கு வெளியே வாகனங்கள் எரிந்தன. அவர்கள் அடுத்த ஆண்டே இரண்டாம் பிரிவை வென்று திரும்பிவிட்டார்கள். எரித்தவர்களால் வந்த பலன் என்று அதில் எதுவும் இல்லை.

எல்லோரும் சான்டோஸ் போலத் திரும்புவதில்லை. லீட்ஸ் 2001-இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி ஆடியது, 2004-இல் இறங்கியது, 2007-இல் மூன்றாம் பிரிவுக்கே போனது. பிரீமியர் லீக்குக்குத் திரும்ப 2020 ஆனது. உல்வ்ஸ் 2012-இலும் 2013-இலும், சண்டர்லேண்ட் 2017-இலும் 2018-இலும், லூட்டன் 2024-இலும் 2025-இலும் அடுத்தடுத்து இரண்டு முறை இறங்கின. உங்கள் அணி இந்த மே மாதம் இறங்கியிருந்தால் ஆகஸ்டுக்குள் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: பெரிய சம்பளக்காரர்கள் வெளியேறிவிட்டார்களா, முழுநேர மேனேஜர் ஜூன் மாதத்துக்குள் நியமிக்கப்பட்டாரா, புதிதாக வாங்கியவர்களில் இரண்டாம் பிரிவில் ஏற்கெனவே நிறைய ஆடியவர்கள் எத்தனை பேர். சாம்பியன்ஷிப் 46 ஆட்டங்கள் கொண்டது. சனிக்கிழமை ஆடிவிட்டு செவ்வாய் இரவு மறுபடி ஆட வேண்டும், பெரிய பெயர்கள் அங்கே நவம்பரிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும்.